பார்டர் காலி வளர்க்கும் வீடு காலியாகாமல் இருக்க

எங்கள் வீட்டு மணிக்கு ஆறு வயது. கறுப்பு வெள்ளை பார்டர் காலி, எடை பதினெட்டு கிலோ. அதில் ஒரு கிலோ முடி என்பது என் சந்தேகம். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட். ஆடு மேய்க்கும் நாயை இங்கே வைத்திருப்பது நியாயமா என்று கேட்காதீர்கள். அம்மா தினமும் கேட்கிறாள்: "நாலு ஆடு வாங்கிக் குடுத்துடேன், அது பாட்டுக்கு இருக்கும்."

ஒரே கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்ததால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். போன வருடம் கீழ் வீட்டுக்காரர்களும் இதே ஜாதிக் குட்டி ஒன்றை வாங்கி, இரவு பத்து மணிக்கு போன் செய்ய ஆரம்பித்த பிறகு தாள் நீண்டது. அதுதான் இது. உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் ஒரு கேள்வி. கோளாறு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததா, நேற்று வரை இல்லாமல் இன்று வந்ததா? இன்று வந்தது என்றால் பழக்கவழக்கத்தை ஆராயாதீர்கள், உடம்பைப் பாருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் கொஞ்சம் வாஸலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்குச் சாதாரணம். 103 தாண்டினால் கீழே "சோற்றைத் தொடவில்லை" பகுதிக்குப் போங்கள்.

## ஓடுகிறவர் காலைக் கடிக்கிறது

தெருவில் எல்லோரும் கன்னடத்தில் கேட்பது "கச்சுத்தா?" (கடிக்குமா?) என்றுதான். கடிக்காது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா பையனின் குதிகாலை மணி கவ்வியிருக்கிறது.

தலை தாழ்ந்து, கண் அசையாமல், ஓடும் காலை மட்டும் குறிவைத்தால்: அது மேய்க்கிறது. கோபம் இல்லை. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இது நடந்ததெல்லாம் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள்தான். நாள் முழுக்கத் தூங்காத நாயும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் ஒரே ஹாலில் இருக்கும் நேரம். அந்த இரண்டு மணி நேரம் நாயை ஒரு அறையில் கதவு போட்டுப் படுக்கவைத்ததில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு, பிள்ளைகளுக்கு "மரம்" விளையாட்டு சொல்லிக்கொடுங்கள்: மணி பக்கத்தில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். நிற்கிற ஆட்டை மேய்ப்பதில் அதற்குச் சுவாரசியம் கிடையாது. கத்தினால் அதற்கு அது கொண்டாட்டம். அடித்தால் அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும்.

நான்கு முதல் ஆறு மாதக் குட்டியாக இருந்து, கால், நாற்காலி, செருப்பு என்று எல்லாவற்றையும் கடித்தால்: பல் முளைக்கிறது. ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீஸரில் வைத்து, பக்கத்தில் இருந்தபடி கடிக்கக் கொடுங்கள்.

ஓடாதபோதும், தொட்டால் மட்டும் உறுமினால்: வலி. காது, இடுப்பு, வாய் எங்கே என்று டாக்டர் பார்க்கட்டும்.

ஆளை, அதாவது ட்ரெயினரை, கூப்பிட வேண்டிய இடம்: தோல் கிழிந்தாலோ, அதன் சோற்றுத் தட்டுப் பக்கம் போனால் உறுமினாலோ. கடித்தது சொந்த நாயே ஆனாலும், ஊசி போட்ட நாயே ஆனாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள்.

## ஸ்கூட்டர், ஆட்டோவைப் பார்த்தால் பாய்கிறது

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் அகலமான நடைபாதை நமக்கு இல்லை. இருக்கிற நடைபாதையிலும் ஸ்கூட்டர்தான் வருகிறது. அதனால் முதல் வேலை, காசில்லாதது: நேரத்தை மாற்றுங்கள். காலை ஐந்தரைக்குப் போனால் பால் வண்டியும் பேப்பர் பையனும் மட்டும்தான்.

அடுத்தது பட்டை. இழுத்தால் நீளும் லீஷைத் தூக்கி எறியுங்கள். நெஞ்சிலும் முதுகிலும் வளையம் உள்ள ஹார்னஸ், ஆறடி சாதா லீஷ் போதும். முடிக்குள் ஹார்னஸ் இறுகியதா தளர்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விரல் நுழைகிறதா என்று தடவிப் பாருங்கள்.

அப்புறம் தூரம். எத்தனை அடியில் வண்டி வரும்போது வாய் மூடுகிறது, உடம்பு தாழ்கிறது என்று கவனியுங்கள். அந்தக் கணத்துக்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அதன் காதில் விழாது. மணிக்கு அது ஐம்பது அடி. அறுபது அடியில் நின்றுகொண்டு, வண்டியைப் பார்த்ததும் வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்தது. வண்டி போய்விட்டால் கோழியும் நின்றுவிடும். இரண்டு வாரத்தில் ஐம்பது அடிக்கு வந்தோம், இரண்டு மாதத்தில் பதினைந்து. புல்லட் சத்தம் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒரு தடவையாவது லீஷை அறுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கியிருந்தால், அல்லது ஆறு வாரமாகத் தூரம் ஒரு அடிகூடக் குறையாவிட்டால். ட்ரெயினர் முதல் நாளே இறுக்கும் சங்கிலியையோ ஷாக் காலரையோ எடுத்தால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். நான் முதலில் வரவழைத்தவர் சங்கிலிதான் போட்டார். மணி ஆட்டோவைத் துரத்துவதை விடவில்லை. கூடவே என் கையைப் பார்த்தும் பயந்தது. அதைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆனது.

## இரண்டு மணி நேரம் ஓடவிட்டும் அடங்கவில்லை

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான். நான் ஏமாந்ததும் இதில்தான்.

இந்த ஜாதிக்கு ஓட்டம் வேண்டும் என்று எல்லோரும் சொல்ல, தினமும் மைதானத்துக்குப் போய் இருநூறு தடவை பந்து எறிந்தேன். மூன்று மாதத்தில் மணி களைப்பே தெரியாத ஓட்டக்காரனாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சோபா உறையைக் கிழித்தது. நான்தான் களைத்தேன். ஓட்டம் குறைவு என்று நினைத்து இன்னும் ஓடவிட்டேன்.

முதலில் தூக்கத்தை எண்ணுங்கள். இரண்டு நாள், எப்போது படுத்தது, எப்போது எழுந்தது என்று தாளில் குறியுங்கள். வளர்ந்த நாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும், குட்டிக்குப் பதினெட்டு வரை. மணிக்கு ஒன்பதுதான் வந்தது. வீட்டில் யார் எழுந்தாலும் அது கூடவே எழுந்து காவல் காக்கிறது. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை, திரை போட்ட அறை, ஃபேன், கதவு சாத்தல். முதல் நான்கு நாள் முனகியது. ஐந்தாம் நாளிலிருந்து தானே போய்ப் படுக்கிறது.

தூக்கம் சரியாக இருந்தால் பந்தைக் குறையுங்கள். பத்து எறிதல், பிறகு பந்தைப் பையில் போட்டுவிடுவது. மீதி நேரம் லீஷை நீளமாக விட்டு, மோப்பம் பிடித்துக்கொண்டே மெதுவாக நடக்கட்டும்.

அதுவும் போதாவிட்டால் மூளைக்கு வேலை. பழைய துண்டில் அதன் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். பொம்மைகளுக்குப் பெயர் வைத்து எடுத்துவரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் சேஸர் என்ற பார்டர் காலி ஆயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்து வந்தது. மணிக்குப் பதினொன்று தெரியும், அதில் ஒன்று என் செருப்பு. பதினைந்து நிமிடம் இப்படித் தேடவிட்டால் ஒரு மணி நேர ஓட்டத்தைவிட நன்றாகப் படுக்கிறது.

கப்பன் பார்க்கில் நாய்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று கேட்பார்கள். லாப்ரடார் என்றால் போங்கள். மேய்க்கிற நாய் அந்தக் கூட்டத்தில் விளையாடாது, எல்லா நாய்களையும் ஒரு மூலைக்கு ஒதுக்கப் பார்க்கும். ஒரு பக் ஜாதி நாய் அதை ரசிக்கவில்லை. வார நாள் காலை பரவாயில்லை.

## நிழலையும் சுவர் வெளிச்சத்தையும் துரத்துகிறது

பார்க்க வேடிக்கையாக இருக்கும். வீடியோ எடுத்துச் சிரிப்பார்கள். இந்தத் தாளில் நான் சிவப்புப் பேனாவால் எழுதியது இது ஒன்றைத்தான். வேர் பிடித்துவிட்டால் பிடுங்குவது கஷ்டம்.

லேசர் விளக்கு வீட்டில் இருந்தால் குப்பையில் போடுங்கள். மொபைல் டார்ச்சை வைத்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்களா? நிறுத்துங்கள். அப்புறம் நாய் எந்த இடத்தைப் பார்க்கிறதோ அங்கே குனிந்து அதன் உயரத்தில் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா பால்கனியில் வடாம் காயவைத்த எவர்சில்வர் தாம்பாளம்தான் குற்றவாளி. சரியாகப் பதினொன்றரைக்குக் கூரையில் ஒரு வெளிச்ச வட்டம். தாம்பாளத்துக்குப் பதில் பழைய வேட்டி விரித்தோம், மூன்று நாளில் நின்றது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று சோதியுங்கள். திரும்பினால் வீட்டிலேயே சமாளிக்கலாம்: திரை போட்டு, மோப்ப வேலையைக் கூட்டி, துரத்தலைக் கவனிக்காமல் விடுவது. திட்டுவதும் கவனிப்புதான்.

கூப்பிட்டும் திரும்பாமல், சோறு வைத்தும் வராமல் சுவரையே பார்த்தால், அல்லது வாலைத் துரத்திச் சுற்றுவது தினசரி ஆனால், டாக்டரிடம் போங்கள். சிலவற்றுக்கு மாத்திரை தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லாத ஈயைக் கவ்வுவதுபோல் காற்றைக் கடித்தால் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம், இந்த ஜாதியில் வலிப்பு உண்டு. முழு வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் வீடியோ எல்லாம் வேண்டாம், உடனே வண்டியை எடுங்கள்.

## ஆளில்லாதபோது குரைக்கிறது

பழைய மொபைலை ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு வெளியே போங்கள். கேட்காமல் முடிவுசெய்யாதீர்கள்.

லிஃப்ட் சத்தத்துக்கும் டெலிவரி பையனுக்கும் மட்டும் குரைத்தால், வாசல் பக்க அறையை மூடி, உள்ளறையில் ஃபேனும் ரேடியோவும் ஓடவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து ஆரம்பித்தால் சலிப்பு அல்லது மூத்திரம். மதியம் ஒரு ஆள் வந்து கீழே கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் போன ஐந்து நிமிடத்துக்குள் ஊளை, கதவைப் பிறாண்டல், தரையெல்லாம் எச்சில் என்றால் அது தனிமைப் பயம். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வெளியே போய்த் திரும்பிப் பழக்க வேண்டும், மாதக்கணக்காகும். நகம் உடைந்து ரத்தம் வருமளவு பிறாண்டினால் டாக்டரும் ட்ரெயினரும் சேர்ந்து பார்க்க வேண்டிய கேஸ்.

அசோசியேஷன் புகார் என்றால்: நாய் வளர்ப்பதையே தடைசெய்ய அசோசியேஷனுக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அந்தத் தாளை முதல் நாளே நீட்டினால் எதிர்வீட்டோடு பேச்சு நின்றுவிடும். நான் ரெக்கார்டிங்கை எதிர்வீட்டு அக்காவிடம் போட்டுக்காட்டி, "மூணு வாரம் டைம் குடுங்க" என்றேன். கொடுத்தார்கள்.

## முடி

வீடெல்லாம் கொட்டுகிறது. வருடத்தில் இரண்டு தடவை உள்முடி கொத்துக்கொத்தாகக் கழலும். அது கோளாறில்லை. தினமும் பத்து நிமிடம் உள்முடிச் சீப்பு. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று மொட்டையடிக்காதீர்கள், பிறகு முடி திட்டுத்திட்டாக முளைக்கும், தோலும் வெயிலில் வேகும். கிரூமிங் கடைக்காரர் "ஷேவ் பண்ணிடலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். வட்டமாக வழுக்கை விழுந்தால் மட்டும் டாக்டர்.

சடை. காதுக்குப் பின்னால், அக்குள், தொடைக்குப் பின்னால். விரலால் பிரியுமா என்று பாருங்கள். பிரியாவிட்டால் கத்தரிக்கோலைத் தோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சடையோடு தோலும் மேலே வந்திருக்கும். இந்த வேலைக்குக் கிரூமரிடம் காசு கொடுக்கலாம்.

ஈரமான சிவப்புப் புண். ஜூன் முதல் அக்டோபர் வரை இதுதான். மழையில் நனைந்த நாயின் மேல்முடி காய்ந்திருக்கும், உள்முடி ஈரமாகவே இருக்கும், ராத்திரி சொறிந்து சொறிந்து காலையில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ரூபாய் அளவாக இருந்தால் சுற்றிலும் முடியை மெஷினால் குறைத்து, குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடைத்து, காற்றாட விடுங்கள். நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு. தேங்காய் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஒரே நாளில் பரவினால், சீழ் வந்தால் டாக்டர். அன்றிலிருந்து மழை நாளில் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து அடிமுடி வரை காயவைக்காமல் மணியை விடுவதில்லை.

## சோற்றைத் தொடவில்லை, படுத்தே கிடக்கிறது

இந்த நாய் படுத்துக் கிடப்பதே அறிகுறி. முந்தின நாள் வீட்டில் விசேஷமா என்று முதலில் யோசியுங்கள். சர்க்கரைப் பொங்கலில் போடுகிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

காய்ச்சல் 103க்கு மேல். உண்ணியைத் தேடுங்கள்: காதுக்குள், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில். இந்த முடிக்குள் கண்ணால் தேடிப் பயனில்லை, விரலால் தடவுங்கள். கிடைத்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். உண்ணி கிடைக்காவிட்டாலும் ரத்தப் பரிசோதனைக்கு அன்றே போங்கள். பெங்களூரில் உண்ணிக் காய்ச்சல் வருடம் முழுக்க உண்டு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: வெளுத்திருந்தால், மூத்திரம் காபி நிறத்தில் இருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், அது ராத்திரியானாலும் அவசரம். மணிக்கு எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் வந்தபோது இருபத்தெட்டு நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. ஐந்தாம் நாளே துள்ளிக் குதித்தது, அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள் திரும்ப வந்து நிற்பதாக டாக்டர் சொன்னார். வீட்டுச் சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும் உண்ணி முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் பாதி வேலைதான்.

வெயிலில் போய்வந்த பின், மூச்சிரைப்பு நிற்கவில்லை. ஏப்ரலில் மதிய நடையே கூடாது. புறங்கையைத் தார்ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. தடுமாற்றம், வாந்தி, ஈறு செங்கல் சிவப்பு என்றால் குழாய்த் தண்ணீரை உடம்பில், முடியை விலக்கித் தோலில் படும்படி ஊற்றி, ஃபேன் போட்டு, அப்புறம் டாக்டரிடம் ஓடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

கடும் ஓட்டத்துக்குப் பின் பின்னங்கால் தள்ளாடி, அரை மணியில் சரியாகிறது. இந்த ஜாதியில் இப்படி ஒன்று உண்டு, பந்து விளையாடும் நாய்களுக்கு வரும். சரியாகிவிட்டதே என்று விடாதீர்கள். இதயமும் ரத்தமும் பார்த்த பிறகுதான் அதுதான் இது என்று சொல்ல முடியும். அதுவரை பந்து கிடையாது.

ராத்திரி எங்கே போவது என்பதை நோய் வருவதற்கு முன்பே பாருங்கள். இருபத்துநான்கு மணி நேர கிளினிக் எண்ணைத் தாளிலேயே எழுதிவையுங்கள். அவசரமில்லாத, செலவு கையைக் கடிக்கிற விஷயத்துக்கு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும்.

## நொண்டுகிறது

விரலிடுக்கில் முடி சடையாகி கல்லைப் பிடித்து வைத்திருக்கிறதா? முள்? முன்னங்காலின் உள்பக்கம் தரையில் படாத ஒரு நகம் இருக்கும், முடியில் மறைந்து வளைந்து சதைக்குள் இறங்கியிருக்கிறதா? பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். எதுவும் இல்லையென்றால் இரண்டு நாள் ஓட்டமில்லாமல் ஓய்வு. காலை ஊன்றவே இல்லை என்றால் அன்றே, மூன்றாம் நாளும் நொண்டினால் அப்போது, எக்ஸ்ரே. பாராசிட்டமால், புரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

## ஊசி போடப் போகிறார்கள் என்றால்

இது கோளாறில்லை, ஆனால் தாளின் மேலே பெரிதாக எழுதியிருக்கிறது. காலி வகை நாய்களில் சிலவற்றுக்கு எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் குறை உண்டு. ரஃப் காலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெல்டியில் அதிகம், பார்டர் காலியில் குறைவு. அந்தக் குறை இருந்தால் உண்ணிக்கும் சொறிக்கும் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி மூளை வரை போய்விடும். வயிற்றுப்போக்குக்கு நாம் போடுகிற லோப்பராமைடும் அப்படித்தான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். சோதிக்காதவரை ஊசியை எடுக்கும் ஒவ்வொரு டாக்டரிடமும் "இது காலி" என்று சொல்லுங்கள். முடியையும் பெயரையும் பார்த்து மணியை பொமரேனியன் கலப்பு என்று கார்டில் எழுதியவர்கள் இரண்டு பேர்.